கல்வரிசை முனையில் ஓர் இரவு: 1982ஆம் ஆண்டின் அட்லாண்டிக் சிட்டி மீன்

1982 செப்டம்பர் 21, இரவு. வடகிழக்கிலிருந்து அடித்த புயல்காற்றில் நியூ ஜெர்சிக் கடல் நுரைத்துக் கிடந்தது. அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட விடுதிகளுக்குள் இருந்தவர்களுக்கு வெளியே வர ஒரு காரணமும் இருந்திருக்காது. ஆல் மெக்ரெனால்ட்ஸுக்கு இருந்தது. வெர்மான்ட் அவென்யூ முடிகிற இடத்தில் கடலுக்குள் நீட்டிப் போட்ட பாறைக்கல் வரிசை ஒன்று உண்டு. அதன் மேல் ஒரு நண்பரோடு நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார் அவர். (மோனோபோலி ஆடியவர்களுக்கு அந்தத் தெருப்பெயர் தெரிந்திருக்கும். அந்தப் பலகையில் வரும் தெருக்கள் இந்த ஊரிலிருந்து எடுத்தவை.) இப்படிக் கல் கொட்டிய வரிசைக்குத் தமிழ்நாட்டுக் கரையில் தூண்டில் வளைவு என்று பெயர். அன்றைக்கு அது பெயருக்கேற்ற வேலை பார்த்தது.

அவர் வீசியது ஐந்தரை அங்குல நீளத்தில், முதுகு கறுப்பும் உடல் வெள்ளியுமான ஒரு பிளாஸ்டிக் மீன். தூண்டில் நரம்பு 20 பவுண்டு தாங்கக்கூடியது, அவ்வளவுதான். அதில் மாட்டியதைக் கரைக்குக் கொண்டுவர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. எடை போட்டபோது 78 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 35.6 கிலோ. தூண்டிலில் பிடித்த ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்களில் உலக சாதனை. சாதனை மீனுக்கென்று ஒரு தூண்டில் கருவி நிறுவனம் அறிவித்திருந்த 2,50,000 டாலர் பரிசும் அவருக்கே போனது. 2011 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்புரூக் அருகே கிரெக் மயர்சன் 81 பவுண்டு 14 அவுன்ஸ் மீனைப் பிடிக்கும் வரை, ஏறக்குறைய 29 ஆண்டு, இந்த எண்ணை யாரும் தாண்டவில்லை.

இந்தக் கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் இந்தக் கதையைக் கேட்டால் முடிவில் ஒரே பாடம்தான் வரும்: புயல் அடித்தால் போ, பெரிய மீன் வரும். நானும் அதை நம்பி இரண்டு மூன்று முறை முழங்கால் வரை நனைந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அதனால்தான் அந்த ஓர் இரவை மட்டும் எடுத்துக்கொண்டு, காற்று செய்தது எது, தண்ணீர் செய்தது எது, இரண்டும் செய்யாதது எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

மீனும் அதன் பாதையும்

ஸ்ட்ரைப்டு பாஸ் என்பது வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த மீன். வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்பு வரிகள் செவுளிலிருந்து வால் வரை ஓடும். பழகியவர்கள் ஸ்ட்ரைப்பர் என்று சுருக்கிவிடுவார்கள். நமக்குத் தெரிந்ததில் அருகில் நிற்பது கொடுவாதான். கடலிலும் வாழும், ஆற்றிலும் ஏறும், முகத்துவாரத்தில் காத்திருந்து இரையை அடிக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் நேர்மாறு. கொடுவா முட்டையிட உப்புநீருக்கு இறங்கும், ஸ்ட்ரைப்பர் முட்டையிட நன்னீருக்கு ஏறும்.

கடற்கரையோரம் வலசை போகும் கூட்டத்தில் பெரும்பங்கு செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளில் பிறந்தது. மிச்சம் டெலவேர் ஆற்றிலும் ஹட்சன் ஆற்றிலும். வசந்தத்தில் முட்டையிட்டு முடித்த பெரிய மீன்கள் வடக்கே நியூ இங்கிலாந்து வரை போய்க் கோடையைக் கழிக்கும். நாள் சுருங்கி, தண்ணீர் ஆறத் தொடங்கியதும் தெற்கே திரும்பும். இந்தத் திரும்பும் பயணத்தில்தான் மாசசூசெட்ஸ், லாங் ஐலண்டின் மான்டாக் முனை, நியூ ஜெர்சி என்று வரிசையாக ஒவ்வொரு கரையாகத் தொட்டுக்கொண்டு வரும். குளிர்காலத்துக்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டும் என்பதால் வழியெல்லாம் தின்றுகொண்டே வரும். இலையுதிர்காலத் தூண்டில் வேட்டை முழுவதும் இந்தப் பசியை நம்பி நடப்பது.

தண்ணீரின் வெப்பம் சுமார் 13 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது இந்த மீன் சுறுசுறுப்பாக இரை தேடும். அட்லாண்டிக் சிட்டியில் செப்டம்பர் கடைசியில் கடல்நீர் ஏறக்குறைய 20, 21 டிகிரியில் நிற்கும். அக்டோபர் முடிவில் 15 பக்கம் வரும், நவம்பர் முடிவில் பத்துக்கு இறங்கும். இந்தக் கணக்குப்படி நல்ல காலம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை. மெக்ரெனால்ட்ஸ் பிடித்ததோ செப்டம்பர் 21. சராசரிக்கு ஒரு மாதம் முந்தி. புயலின் பங்கை இங்கிருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கம்

அந்தப் பக்கத்துக் கடலுக்கு ஒரு விசித்திரம் உண்டு. கோடையில் மேலே வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு போர்வை மாதிரி கிடக்கும், அடியில் போன குளிர்காலத்தின் குளிர்ந்த நீர் அப்படியே தேங்கி நிற்கும். இரண்டும் கலக்காது. அந்தக் குளிர்நீர்த் தேக்கத்தை இலையுதிர்காலம் வரை பெரிதாக யாரும் தொடுவதில்லை. தொடுவது காற்றுதான்.

வட அரைக்கோளத்தில் காற்று தள்ளுகிற மேல்நீர் அந்தக் காற்றின் போக்குக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். நியூ ஜெர்சியின் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது, கடல் அதற்குக் கிழக்கே. கோடையில் தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி வீசினால் மேல்நீர் கடல்பக்கம் விலகிப்போய், அந்த இடத்தை அடிக்குளிர்நீர் நிரப்பும். நேற்றுக் குளிக்கச் சுகமாக இருந்த கடல் இன்று கால் வைக்க முடியாமல் சில்லிடுவது இதனால். வடகிழக்குக் காற்று இதைத் தலைகீழாக்குகிறது. மேல்நீர் கரையை நோக்கி நகர்கிறது. அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்னும் பொடிமீன்களும் கூடவே கரைக்கு வருகின்றன. பொடிமீன் வந்தால் அதைத் தின்பது வரும்.

கிழக்குக் காற்றில் மீன் கடிக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய சொலவடை இருக்கிறது. குளத்து மீனுக்கு அது பொருந்துமோ என்னவோ, இந்தக் கரையில் நிற்கிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கிழக்குக் கடற்கரையில் கிழக்குக் காற்று என்றால் இரை நம் காலடிக்கு வருகிறது என்று பொருள்.

புயலின் இரண்டாவது வேலை கலக்குவது. எவ்வளவு வேகமாகக் கலக்கும் என்பதை நியூ ஜெர்சிக்காரர்கள் 2011 ஆகஸ்டில் அளந்தே பார்த்தார்கள். ஐரீன் சூறாவளி வந்தபோது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆளில்லா நீரடிக் கருவி ஒன்று கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சூறாவளியின் கண் வந்து சேருவதற்கு முன்பே அடிக்குளிர்நீர் மேலே கலந்து, மேல்நீர் பல டிகிரி குளிர்ந்துவிட்டதை அது காட்டியது. 1982இல் அப்படி ஒரு கருவி யாரிடமும் இல்லை, அந்த இரவின் துல்லியமான அளவும் இல்லை. ஆனால் வழிமுறை ஒன்றுதான். செப்டம்பரில் வரும் ஒரு புயல், நாட்காட்டி சொல்வதை விடச் சில வாரம் முந்தியே கடலை இலையுதிர்காலத்துக்குள் தள்ளிவிடக் கூடும்.

மடவை வெளியேறும் நேரம்

அந்தத் தேதிக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. செப்டம்பர் என்பது மடவை மீன் நியூ ஜெர்சியின் உப்பங்கழிகளை விட்டுக் கிளம்பும் மாதம். நம் ஊர் முகத்துவாரங்களில் துள்ளுகிற அதே மடவைக் குடும்பம். இங்கே அந்தப் பருவத்தில் விரல் நீளக் குஞ்சுகளாக இருக்கும்.

கழி ஆழமில்லாதது. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். வடமேற்கிலிருந்து முதல் குளிர்காற்று இரண்டு இரவு அடித்தால் போதும், கழியின் தண்ணீர் கடலைவிடக் குளிர்ந்துவிடும். மழையும் சேர்ந்தால் உப்பும் குறையும். கோடையெல்லாம் கழிக்குள் ஒளிந்து வளர்ந்த மடவைக் குஞ்சு வற்றத்தின் (ஓதம் இறங்கும் நேரத்தின்) இழுப்போடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வந்து, கரையை ஒட்டித் தெற்கே திரும்பும். அதற்குப் பிறகு நெத்திலி இனத்துச் சிறுமீன், பிறகு மென்ஹேடன் குஞ்சு என்று வரிசையாக வெளியேறும். மென்ஹேடன் நம் மத்தி சாளைக்கு உறவு, எண்ணெய் அதிகம், ஸ்ட்ரைப்பருக்குப் பிரியமான தீனி.

மடவை கரையை விட்டு அகலாது. ஓரமாகவே, முழங்கால் ஆழத்தில், கூட்டமாகப் போகும். வழியில் ஒரு கல்வரிசை குறுக்கே வந்தால் என்ன செய்யும்? சுற்றிப் போக வேண்டும். சுற்றிப் போனால் முனையில் ஆழம். ஆழத்தில் என்ன காத்திருக்கிறது என்று மடவைக்குத் தெரியாமலில்லை. கல்லுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள மூலையில் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டே போகும். வெர்மான்ட் அவென்யூ கல்வரிசை இருப்பது அப்சீகன் முகத்துவாரத்துக்கு மிக அருகில். கழியிலிருந்து வெளியே வருகிற கூட்டம் முதலில் முட்டுகிற தடைகளில் அதுவும் ஒன்று. செப்டம்பர் மூன்றாம் வாரம், முகத்துவாரத்தின் வாசல், கரையை நோக்கித் தள்ளும் காற்று, குறுக்கே ஒரு கல்மதில். இரைக்குத் தப்பிக்க இடமில்லை.

அலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுரைத்துப் புரளும் தண்ணீரில் விரல் நீள மீனால் நிலைத்து நிற்க முடியாது. கூட்டம் சிதறும், திசை தவறும். அகன்ற வாலும் திரண்ட உடம்பும் கொண்ட ஸ்ட்ரைப்பருக்கோ அந்தப் புரட்டல் விளையாட்டு மைதானம். கண் தெரியாத நுரையிலும் உடம்பின் பக்கவாட்டு உணர்கோட்டால் இரையின் அசைவைப் பிடித்துவிடும். பகலில் ஆழத்தில் எச்சரிக்கையாகத் திரியும் பெரிய மீன், நுரையின் மறைவில் ஒரு மனிதன் நிற்கிற கல்லின் அடி வரை வருகிறது.

இருட்டும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு அமாவாசை செப்டம்பர் 17. நான்கு நாள் கழிந்த இளம்பிறை, மாலையிலேயே மறைந்துவிடும். மேகமே இல்லாதிருந்தாலும் அது கறுத்த இரவாகத்தான் இருந்திருக்கும். பெரிய ஸ்ட்ரைப்பர் இருட்டின் பிராணி. இருபது கிலோவுக்கு மேற்பட்டதைக் கரையிலிருந்து பிடித்தவர்களில் பெரும்பாலோர் இரவில் பிடித்தவர்கள் என்றுதான் நான் கேட்டவரை சொல்கிறார்கள். அமாவாசை ஓதத்தின் வேகமும் முழுதாக அடங்கியிருக்காது. அதன் மேல் காற்று வேறு தண்ணீரைக் கரையில் குவித்துக்கொண்டிருந்தது.

பாரோமீட்டர் என்ற பூச்சாண்டி

காற்றழுத்தம் இறங்கும்போது மீன் வெறிகொண்டு தின்னும் என்பது தூண்டில்காரர்களின் வேதவாக்கு. கையில் கடிகாரம் கட்டுகிற மாதிரி பாரோமீட்டர் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும்.

ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். நல்ல புயல் ஒன்றில் அழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மீனுக்கு அது 30 சென்டிமீட்டர் மேலே நீந்தி வந்ததற்குச் சமம். அதுவும் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டு. அதே மீனின் தலைக்கு மேல் ஒரு மீட்டர் அலை கடக்கும்போது சில நொடிக்கொரு தடவை அதைவிடப் பெரிய மாற்றம் வந்து போகிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே அந்தச் சன்னக்குரலை மீன் எப்படிக் கேட்கும்? அழுத்தம் இறங்கும்போது கூடவே மேகம் மூடுகிறது, காற்று திரும்புகிறது, அலை எழும்புகிறது. மீன் பார்ப்பது அவற்றை. பாரோமீட்டர் நமக்கு முன்னறிவிப்பு சொல்கிறது, அவ்வளவே. அந்த அளவில் அது உபயோகமான கருவிதான்.

அதே கரை, வேறொரு புயல்

புயல் என்றால் மீன் என்ற சூத்திரம் எங்கே உடைகிறது என்று பார்க்க முப்பது ஆண்டு தள்ளிப் போக வேண்டும். தூரம் போக வேண்டியதில்லை, அப்சீகன் முகத்துவாரத்தின் மறுகரைக்குப் போனால் போதும். 2012 அக்டோபர் 29 மாலை சாண்டி புயல் கரையேறியது பிரிகன்டைன் ஊருக்கு அருகில். வெர்மான்ட் அவென்யூவிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம்.

காகிதத்தில் எல்லாமே பொருந்திவந்தது. அக்டோபர் கடைசி, சரியான வெப்பம், பௌர்ணமி ஓதம், கிழக்கே கடலிலிருந்து காற்று. 1982ஐ விடச் சிறந்த பருவம் என்றுகூடச் சொல்லலாம். நடந்தது என்னவென்றால், பௌர்ணமி ஓதத்தின் மேல் புயலலை ஏறி ஊர்களுக்குள் புகுந்தது. மணல் தீவுகள் சில இடங்களில் குறுக்கே அறுந்தன. கடற்கரைச் சாலைகள் மூடின. தூண்டில்காரர்களின் கோயிலான ஐலண்ட் பீச் மாநிலப் பூங்காவும் மூடியது. பெரும்பாலோருக்கு அந்த நவம்பரில் தூண்டிலை விட வீட்டுக்குள் புகுந்த மணல்தான் வேலையாக இருந்தது.

மீனின் பக்கமிருந்து பார்த்தாலும் அந்த அளவுப் புயல் உதவாது. நுரை வேறு, கலங்கல் வேறு. நுரையில் காற்றுக்குமிழி இருக்கும். கலங்கலில் மண்ணும் பாசியும் சகதியும் இருக்கும். வெள்ளை நீர் இரையை மறைப்பதில்லை, தடுமாற வைக்கிறது. சாக்லேட் நிறத் தண்ணீரில் இரையும் தெரியாது, வேட்டைக்காரனும் ஓரம் வரமாட்டான். தூண்டிலை இழுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கூடைப் பாசி வரும். அதைப் பிய்த்துப் பிய்த்தே இரவு கழியும்.

சாண்டிக்குப் பின் கரையின் வடிவமும் மாறியது. ராணுவப் பொறியாளர் படை கடலுக்குள்ளிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டி, பல மைல் நீளத்துக்கு அதை அகலப்படுத்தியது. ஊருக்கு அது பாதுகாப்பு. தூண்டில்காரனுக்கு அது இழப்பு. மீன் நின்று இரை தேடுவது அலைக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், மணல்திட்டு அறுந்து தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில், கல்வரிசையின் மூலையில். கொட்டிய மணல் இவை எல்லாவற்றையும் நிரவி, பல கல்வரிசைகளைப் பாதி புதைத்துவிட்டது. கடல் மறுபடி தன் பள்ளங்களைத் தோண்டிக்கொள்ளச் சில குளிர்காலம் ஆகும். தோண்டி முடிக்கும்போது அடுத்த மணல் வரும். வீடு வைத்திருக்கிறவனாக நான் இதை எதிர்க்க மாட்டேன். தூண்டில் வைத்திருக்கிறவனாக முணுமுணுப்பேன்.

ஆக, உதவுகிற புயலுக்கு ஓர் அளவு இருக்கிறது. தண்ணீரைச் சகதியாக்காமல் புரட்ட வேண்டும். அப்புறம் நேரமும் இருக்கிறது. புயல் நெருங்கும் முதல் நாள் நல்ல நாள். காற்று கிழக்கே திரும்பியிருக்கும், மேகம் மூடியிருக்கும், தண்ணீர் இன்னும் தெளிவு. உச்சத்தில் நிற்பது சூதாட்டம். மெக்ரெனால்ட்ஸ் ஆடியது அதைத்தான். வழுக்கும் பாசிக் கல்லில், இருட்டில், அலை மேலே ஏறும்போது நிற்பது உயிரைப் பந்தயம் வைப்பது. ஆணி பதித்த காலணி இல்லாமல் நான் ஒரு முறை ஏறி, விழுந்து, முழங்கையில் ஏழு தையலோடு திரும்பினேன். அந்த இரவு ஒரு கடிகூடக் கிடைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது புயல் கழிந்த இரண்டாவது, மூன்றாவது நாள். காற்று மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பியிருக்கும். நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை அடங்கித் தட்டையாகும், மண் படியும், தண்ணீர் பச்சைக்குத் திரும்பும். புயல் தோண்டிய புதுப் பள்ளங்கள் இருக்கும். கழியிலிருந்து மழைநீரும் குளிரும் துரத்திய பொடிமீன் வெளியே வந்துகொண்டிருக்கும். விடியலில் வற்றம் முகத்துவாரத்தில் விழுந்தால், கடற்பறவைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி இறங்குவதைப் பார்க்கலாம். அதன் அடியில் தண்ணீர் கொதிக்கும். இந்தக் காட்சியை ஒரு முறை பார்த்தவன் நவம்பரில் வேலைக்கு ஒழுங்காகப் போகமாட்டான்.

தள்ளிப்போகும் இலையுதிர்காலம்

இப்போதெல்லாம் பெரும் கூட்டம் வருவது தாமதமாகிறது என்று கரையில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி ஏக்கம், மீதி உண்மை. இந்த மீன் கோடை கழிக்கும் மேய்ன் வளைகுடா உலகின் மிக வேகமாகச் சூடாகும் கடற்பகுதிகளில் ஒன்று. வடக்கே தண்ணீர் ஆறத் தாமதமானால் கிளம்புவதும் தாமதமாகும். இரை கடலுக்குள்ளேயே இருந்துவிட்டால் மீனும் கரைப்பக்கம் எட்டிப் பார்க்காது. மென்ஹேடன் கூட்டம் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி நிற்க, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வாயைத் திறந்து அதை விழுங்க, படகுக்காரர்கள் பிடித்துக் குவிக்க, கரையில் நிற்கிறவன் பைனாகுலரில் பார்க்கும் பருவங்கள் சில வந்து போய்விட்டன. மேற்குக்காற்றே அடித்துக்கொண்டிருக்கும் இலையுதிர்காலம் கரைத் தூண்டில்காரனுக்குப் பஞ்சம். கடல் அழகாக இருக்கும், மீன் இருக்காது.

தெற்குக் கோடியில் இதன் விளைவு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஒரு காலத்தில் வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரையில் டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்ட்ரைப்பர் திருவிழா. 2012க்குப் பிறகு அங்கே கடலில் இந்த மீன் கிடைப்பது மிக அரிதாகிவிட்டது. குளிர்காலக் கூட்டம் வடக்கேயும் ஆழ்கடல் பக்கமும் நின்றுவிடுகிறது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் இந்த மீனைப் பிடிப்பது 1990 முதல் தடை. அங்கே நிற்கும் மீனைப் பிடிக்கவும் முடியாது, அது எத்தனை என்று தூண்டில் கணக்கால் எண்ணவும் முடியாது.

புயல் செய்யாதது

இப்போது 1982க்குத் திரும்பலாம். மேலே சொன்ன எல்லாம் அந்த மீனை அந்த இரவில் அந்தக் கல்லருகே கொண்டுவந்ததை விளக்குகின்றன. 35 கிலோவை விளக்கவில்லை.

இந்த எடைக்கு வளர ஒரு பெண் மீனுக்கு இருபது ஆண்டு அளவில் பிடிக்கும். பெரியவை ஏறக்குறைய எல்லாமே பெண்தான், ஆண் மீன் அவ்வளவு பெரிதாவதில்லை. அப்படியானால் அந்த மீன் பிறந்தது 1960களின் தொடக்கத்தில், அல்லது அதற்கும் முன்னால். அதன் முட்டை நீரில் அமிழாமல் மிதந்து போக ஆற்றில் ஓட்டம் இருந்திருக்க வேண்டும். திடீர்க் குளிர் தாக்கியிருக்கக் கூடாது. குஞ்சு வாய் திறக்கும் வாரத்தில் அதன் வாய்க்கேற்ற நுண்ணுயிர் அங்கே செழித்திருக்க வேண்டும். செசபீக்கில் இந்த மூன்றும் ஒத்துவருவது பெரும்பாலும் குளிர்காலம் கடுமையாகவும் வசந்தம் மழையோடும் இருக்கிற ஆண்டுகளில். குளிர் நீடித்தால் நுண்ணுயிர்ப் பெருக்கம் தள்ளிப்போய்க் குஞ்சு பொரியும் நேரத்தோடு பொருந்தும். ஆற்றில் வெள்ளம் இருந்தால் உப்பும் நன்னீரும் முட்டும் இடத்தில் இரையும் குஞ்சும் ஒன்றாகத் திரளும். 1970, 1996, 2001, 2003, 2011, 2015 ஆகியவை அப்படிச் செழித்த ஆண்டுகள். மிதமான குளிர்காலமும் வறண்ட வசந்தமும் வந்தால் ஏமாற்றம்தான்.

ஒரு நவம்பர் காலையில் நாம் பிடிக்கிற மீனைத் தீர்மானித்த வானிலை, அந்த வாரத்து வானிலை இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் மேரிலாந்தில் பெய்த ஏப்ரல் மழை. இலையுதிர்காலக் காற்று மீனைக் குவிக்கும், பெருக்காது.

சாதனை மீன் பிடிபட்ட ஆண்டைப் பாருங்கள். 1982இல் இந்த மீன் இனம் சரிந்துகொண்டிருந்தது. 1970க்குப் பிறகு பல ஆண்டுகளாக நல்ல குஞ்சுப் பிறப்பு இல்லை, பிடிப்புக்கோ அளவில்லை. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஸ்ட்ரைப்டு பாஸ் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1985 தொடக்கத்தில் மேரிலாந்து இந்த மீனைப் பிடிப்பதையே முழுமையாகத் தடை செய்தது. 1990இல்தான் மறுபடி திறந்தார்கள், 1995இல் இனம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். உலகின் மிகப் பெரிய ஸ்ட்ரைப்பர் கரைக்கு வந்தது, ஸ்ட்ரைப்பர் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில். கிழவிகள் மட்டும் மிஞ்சிய ஊரில் ஒரு கிழவியைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஆயுசு கெட்டி என்று நினைத்துக்கொள்கிற மாதிரி அது.

இப்போதைய கரையிலும் அதே தோற்றமயக்கம் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். சமீப ஆண்டுகளின் நல்ல நாட்களில் கிடைப்பதெல்லாம் பத்து, பதினைந்து கிலோ மீன்கள். 2011, 2015 ஆண்டுகளின் வாரிசுகள் பலவும் அதில் உண்டு. படம் எடுத்துப் போட்டால் பொற்காலம் மாதிரி தெரியும். ஆனால் முன்பெல்லாம் பத்து வீச்சுக்கு எட்டு முறை வந்து தொல்லை கொடுக்கும் முழங்கை நீளக் குட்டிகளைப் பல இரவுகளில் காணோம். என் நோட்டில் "குட்டி மட்டும்" என்று சலித்துக்கொண்டு எழுதிய வரிகள் வருடா வருடம் குறைந்து வருகின்றன. அந்தச் சலிப்புக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

விதிமுறைகளும் இதை ஒப்புக்கொண்டுதான் இறுகியிருக்கின்றன. 2023இலிருந்து கடற்கரையோரத்தில் ஒரு நாளைக்கு ஒரு மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். பெரிய பெண் மீன்கள் முட்டையிடப் போகட்டும் என்பதற்காக. மெக்ரெனால்ட்ஸ் இன்று அதே மீனைப் பிடித்தால் தராசுக்குக் கொண்டுபோக முடியாது, தண்ணீரில் விட்டாக வேண்டும். விட்ட மீன் பிழைக்குமா என்பதிலும் தண்ணீருக்குப் பங்கு இருக்கிறது. கோடையின் சூட்டில், உப்புக் குறைந்த கழிநீரில் போராடிய மீன் நீந்திப்போன பிறகும் செத்துப்போகலாம். மேரிலாந்து சில ஆண்டுகள் ஜூலை பிற்பாதியில் மீன்பிடிப்பை மூடிவைத்தது அதனால்தான். நவம்பர்க் கடல் குளிர்ந்தது, மீன் சீக்கிரம் தேறிக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் இழுத்துக் களைக்க வைத்துவிட்டால் எந்தக் குளிரும் காப்பாற்றாது என்பது வேறு விஷயம்.

கோடை தோறும் மேரிலாந்து மீன்வளத் துறையினர் செசபீக்கின் மேற்பகுதியிலும் சோப்டாங்க், நாண்டிகோக், பொடோமாக் ஆறுகளிலுமாக 22 இடங்களுக்குப் போகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று சுற்று. நூறு அடிக் கரைவலையை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை இழுத்து, அந்த வசந்தத்தில் பிறந்த விரலளவு ஸ்ட்ரைப்பர் எத்தனை என்று எண்ணுகிறார்கள். 1954இலிருந்து இந்த எண்ணிக்கை நடக்கிறது. நீண்டகாலச் சராசரி ஓர் இழுப்புக்குச் சுமார் 11. 2019 முதல் 2024 வரை ஓர் ஆண்டுகூட அதில் பாதியைத் தொடவில்லை. 2023இல் வந்தது 1, அடுத்த ஆண்டு 2.

இந்த எண்ணை அவர்கள் வெளியிடுவது அக்டோபரில். அட்லாண்டிக் சிட்டியில் காற்று வடகிழக்கே திரும்பி, எல்லோரும் ரீலுக்குப் புது நரம்பு சுற்றிக்கொண்டிருக்கும் வாரங்களில். நானும் சுற்றுகிறேன். ஆனால் இப்போது வானிலை அறிக்கையைத் திறப்பதற்கு முன் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கிறேன்.